தும்பி இறக்கி வெச்ச பீரங்கி

ஒரு வானத்துல ஒரு சண்டைக் கப்பல் இருந்துச்சாம். தண்ணியில போற கப்பல் இல்லடா கண்ணு, நிலாவுக்கு நிலா பறக்குற கப்பல். மூக்குல பெரிய பீரங்கி, வயித்துக்குள்ள வரிசையா சிப்பாய்ங்க. அதுக்குப் பேரு தும்பி. அதை ஓட்டினவ மருதாயி. எங்கே, ம் சொல்லு.

ம்.

அப்போ, செம்புழுதி நிலான்னு ஒரு நிலா. அங்கே மருதாயியோட பச்சைச் சட்டைப் படைக்கும் நீலச் சட்டைப் படைக்கும் சண்டை. அன்னிக்குச் சாயங்காலம் 'உய்ய்ய்'னு புழுதிக் காத்து கிளம்புச்சு. அந்தக் காத்துல மாட்டுனவங்க மண்ணுக்குள்ளதான். கண்ணைத் திறக்கவே முடியாது. அதனால படையில ஒரு வழக்கம்: கண்ணை மூடிக்கிட்டு, முன்னால போறவனோட இடுப்பு வாரைப் பிடிச்சுக்கிட்டு, கப்பலோட இன்ஜின் 'கும்ம்ம்'னு முனகுற பக்கமா நடக்கணும்.

அப்படியே எல்லாரும் வந்தாங்க. கடைசியா வேலப்பன். அவன் வாரையும் பின்னாலேருந்து ஒரு கை பிடிச்சுச்சு. அந்த ஆளு சறுக்கின இடத்துல வேலப்பன் கை குடுத்துத் தூக்கிவிட்டான். "வா மாப்ள, வீட்டுக்குப் போலாம்"னான். கதவு 'தடால்'னு சாத்திக்கிச்சு. அப்புறம் மூஞ்சியைத் துடைச்சுப் பாத்தா, பின்னால வந்தவன் நீலச் சட்டை!

"ஐயோ, கப்பல் மாறிட்டேனா?"ன்னான் அவன். அவன் பேரு உதியன்.

கேப்டன் சேந்தனுக்குக் கோவம். "வேலப்பா! ஏத்தின கையாலயே இறக்கி விடு. இன்ஜின்ல மணல் பூந்து மூச்சு வாங்குது. ஒரு ஆள் கூடினாலும் கப்பல் எழும்பாது."

உதியன் கெஞ்சல. தானா எந்திரிச்சுக் கதவுப் பக்கம் போனான்.

அப்போ மருதாயி திரும்பிப் பாத்தா. "உக்காருங்கண்ணே. தும்பி வயித்துக்குள்ள வந்தவங்கள நான் வெளியில கொட்ட மாட்டேன்."

அவளுக்கும் பயம்தான். ஆனா, நல்லதைச் செய்யப் பயம் போகட்டும்னு காத்திருக்கக் கூடாதுடா. பயத்தோடயே செஞ்சுரணும். அவ விசையை இழுத்தா. கும்ம்ம்... கும்ம்ம்... டொப்! கப்பல் மறுபடி மண்ணுல.

சோத்து மூட்டை எல்லாத்தையும் கீழே தள்ளினாங்க. தொப், தொப். "என் முறுக்கு டப்பாவுமா?"ன்னு வேலப்பன் அழாத குறை. கும்ம்ம்... டொப்!

இரும்புக் கவசம் எல்லாத்தையும் தள்ளினாங்க. டணார், டணார். பனைமர உசரம் எழும்புச்சு. டொப்!

மிச்சம் இருந்தது பீரங்கி. மருதாயி ஓடிப்போய், அதைக் கப்பலோட மாட்டியிருந்த ஒரு பக்கத்துக் கொக்கியைப் பிடிச்சா. மறு பக்கத்துக் கொக்கி கேப்டன்கிட்ட.

"பீரங்கி இல்லாட்டி இது என்ன கப்பல்? கத்திரிக்கா ஏத்துற வண்டி!"ன்னார்.

"கத்திரிக்கா வண்டியால யாரும் சாகுறதில்லையே, கேப்டன்."

சேந்தன் உதியனைப் பாத்தார். அவன் கதவுகிட்டயே நின்னான், கண்ணை மூடிக்கிட்டு, காத்துக்குள்ள நடக்கத் தயாரா. அவரே மறு கொக்கியைக் கழட்டினார்.

கடகடகட... தடாஆர்! கப்பல் பஞ்சு மாதிரி எழும்புச்சு. புழுதியெல்லாம் கீழே போச்சு. மேலே சுத்தி நட்சத்திரம், நெல்லு இறைச்ச மாதிரி. தூங்கிட்டியா?

...ம்.

அப்போ பளிச்சுனு ஒரு வெளிச்சம். நீலச் சட்டைக்காரங்க காவல் கப்பல்! அதோட பீரங்கி தும்பி நெத்திக்கு நேரா நிக்குது. திருப்பிச் சுட இவங்ககிட்ட ஒண்ணுமே இல்ல. ரேடியோவுல ஒரு குரல்: "யாரது?"

மருதாயி சொன்னா: "உங்க ஆளு ஒருத்தர் காத்துல மாட்டிக்கிட்டாரு. எங்ககூட இருக்காரு. வந்து கூட்டிட்டுப் போங்க."

"உங்க பீரங்கி எங்கே?"

"இறக்கி வெச்சுட்டோம். அவர் உக்கார இடம் வேணும்ல."

அப்புறம் 'கிர்ர்ர்'னு, மெதுவா, ரொம்ப மெதுவா, அந்தப் பீரங்கி வேற பக்கம் திரும்புச்சு.

ரெண்டு கப்பலும் மாடுங்க மாதிரி ஒண்ணோட ஒண்ணு உரசி நின்னுச்சு. உதியன் அந்தப் பக்கம் போனான். கொஞ்ச நேரத்துல அங்கேருந்து ஒரு சோத்துத் தூக்குவாளி வந்துச்சு, ஆவி பறக்க. பகையாளி குடுத்த சோறாச்சேன்னு எல்லாரும் தயங்குனாங்க. சேந்தன்தான் முதல் கவளம் எடுத்தார். "உப்பு கம்மி"ன்னார். ஆனா இன்னும் கொஞ்சம் போட்டுக்கிட்டார்.

பாத்தியா கண்ணு, ரெண்டு கையிலயும் ஆயுதத்தை வெச்சிருந்தா அடுத்தவங்க கையைப் பிடிக்க முடியாது. உனக்கும் ஒருநாள் பாரம் வரும். அன்னிக்குப் பொருளை இறக்கு, மனுசனை இறக்காதே.

சிப்பாய்ங்க தூங்கியாச்சு, தும்பி தூங்கியாச்சு, கதையும் கண்ணை மூடியாச்சு. நீயும் மூடு ராசா.