பெட்டி கட்டியவர் பெயர்

சம்பங்கிக்கு நடந்த அநீதிகளை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

முதலாவது, எண்பத்திரண்டாம் வருஷத்து வேலைநிறுத்தம். துண்டுப் பிரசுரத்தின் ஒவ்வொரு வரியையும் எழுதியவர் அவர். அச்சாகி வந்தபோது அடியில் வேறொருவர் பெயர் இருந்தது.

இரண்டாவது, அதே போராட்டத்தில் நாற்பத்தொரு நாள் சிறை. வெளியே வந்த அன்று பூமாலை விழுந்தது ஜாமீன் எடுத்த வக்கீலின் கழுத்தில்.

மூன்றாவது, தோல் தொழிலாளர் சங்கக் கட்டடத்தின் கல்வெட்டு. பதினாறு பெயர்களைச் செதுக்கிவிட்டுக் கல்லில் இடம் தீர்ந்துவிட்டது என்றார்கள். பதினேழாவது பெயர் அவருடையது.

நான்காவது, டெல்லி மாநாடு. இஸ்திரி போட்ட சட்டையோடு ரயில் நிலையம் வரை போனார். அவருடைய டிக்கெட்டில் கடைசி நேரத்தில் வேறு ஆள் ஏறிக்கொண்டான்.

ஐந்தாவது, சலோமி.

சலோமி ஆம்பூரில் ஷூவுக்கு மேல்தோல் தைப்பவள். வயது முப்பத்து நான்கு. சங்கத்துக்கு வந்து மூன்றே வருஷம். ஜெர்மனியில் பல நாட்டுத் தோல் தொழிலாளர்கள் கூடுகிறார்கள், உங்கள் ஊரிலிருந்து ஒருவர் வந்து பேசலாம் என்று சங்கத்துக்குக் கடிதம் வந்தது. ஒரே ஒருவர். கமிட்டி சலோமியின் பெயரை எழுதியது.

கமிட்டி என்று பெயருக்குத்தான் ஒன்பது பேர். முடிவு செய்வது பரிபூரணம் டீச்சர். எட்டாவதோடு படிப்பை விட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் வகுப்பு எடுப்பதால் டீச்சர் ஆனார். சம்பங்கி அவரைவிட ஒன்பது வயது மூத்தவர். ஆனாலும் இருபது வருஷமாக முதல் வரிசையில் நோட்டோடு உட்கார்ந்து பாடம் கேட்கும் மாணவர் அவர்தான். இதை அநீதிகளில் சேர்க்கலாமா என்று அவருக்கு அவ்வப்போது சந்தேகம் வருவதுண்டு.

அன்று காலை அவர் சங்க அலுவலகத்துக்குப் போனார்.

"டீச்சர், ஒரு கேள்வி."

"கேளுங்க அண்ணா."

"ஏன் நான் இல்லை?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிப் புடவை ஓரத்தில் துடைத்தார். பிறகு அலமாரிமேல் இருந்த நீலப் பெட்டியை இறக்கி அவர் முன்னால் வைத்தார்.

"சலோமிக்கு இன்னிக்கு சாயந்திரம் ரயிலு. பெட்டியை நீங்க கட்டுங்க."

"நானா?"

"கட்டி முடிச்சிட்டு மறுபடியும் கேளுங்க."

சங்கத்தில் ஒரு விதி உண்டு. முன்பு ஒரு தோழர் மாநாட்டுக்குப் போகும் வழியில் அவருடைய பையைச் சோதனை போட்டார்கள். அவர் வைக்காத இரண்டு அரிவாள்கள் அதிலிருந்து வந்தன. வழக்கு முடிய ஆறு வருஷம் ஆனது. அதிலிருந்து, பயணம் போகிறவர் தன் பெட்டியைத் தானே கட்டக் கூடாது. வேறொருவர் கட்ட வேண்டும். என்னென்ன வைத்தார் என்று பட்டியல் எழுத வேண்டும். கமிட்டியில் இல்லாத இரண்டு சாட்சிகள் முன்னால் அதை வாசிக்க வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் கட்டியவர் 'பார்த்தேன்' என்று சொல்ல வேண்டும். கடைசியில் அவர் பெயரையும் வாசித்துவிட்டுப் பெட்டியைப் பூட்ட வேண்டும். பட்டியலில் ஒரு பிரதி அலுவலகத்தில் இருக்கும். இன்னொன்று பெட்டியோடு போகும்.

இந்த விதியை எழுதியவர் சம்பங்கி. சங்கத்தில் அதற்குப் பெட்டி விதி என்றுதான் பெயர். சம்பங்கி விதி என்று யாரும் சொல்வதில்லை.

அவர் தரையில் உட்கார்ந்து கட்ட ஆரம்பித்தார்.

பத்து வீட்டிலிருந்து துணி வந்து குவிந்திருந்தது. வெளிநாட்டில் நர்ஸாக இருந்து திரும்பிய ஒருத்தி கம்பளிக் கோட்டு கொடுத்திருந்தாள். யாரோ புதிதாக ஸ்வெட்டர் பின்னியிருந்தார்கள். காதை மூடும் குல்லாய், கையுறை, தடித்த காலுறை நான்கு ஜோடி. மேடையில் கட்டிக்கொள்ள மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுப்புடவை. அதைக் கொடுத்தது பக்கத்து லைனில் தைக்கும் பெண். அவளுடைய கல்யாணப் புடவை.

டெல்லிக்கு என்று தனக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று சம்பங்கி யோசித்தார். அந்தச் சட்டையைக்கூட அவரேதான் இஸ்திரி போட்டார். புடவையை மடித்து அடியில் வைத்தார். கசங்கட்டும் என்று மேலே கோட்டை அழுத்தினார்.

சலோமி வந்து எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, அங்க பனி முட்டி வரைக்கும் இருக்குமாமே."

"பேசப் போறியா, பனியில விளையாடப் போறியா?"

"ரெண்டுந்தான். திரும்ப எவன் கூப்பிடப் போறான்." அவள் சிரித்துக்கொண்டே ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினாள். "இதை மறந்துடாதீங்க. ஷூ."

அவர் பிரித்தார். கறுப்பு ஷூ. அவளோடு வேலை செய்யும் ஏழு பேர், கழித்துப் போட்ட தோல் துண்டுகளைத் தேடி எடுத்து, விடுமுறை நாட்களில் உட்கார்ந்து செய்தது. யந்திரம் இல்லை. எல்லாம் கைவேலை.

"ஒரு நாளைக்கு அறுபது ஜோடி தைக்கிறேன். அத்தனையும் அந்த ஊருக்குத்தான் போகுது. என் கால்ல இதுவரைக்கும் ஒண்ணுகூட ஏறினது கிடையாது," என்றாள் சலோமி. "கடிக்குமா அண்ணா?"

"புதுசுன்னா கடிக்கத்தான் செய்யும்."

"நீங்க பார்த்து வச்சா கடிக்காது." சொல்லிவிட்டுப் பிள்ளையிடம் சொல்லிக்கொள்ள வீட்டுக்கு ஓடினாள்.

சம்பங்கி ஷூவைக் கையில் எடுத்தார். முப்பத்தோரு வருஷம் அவர் பார்த்தது இந்த வேலைதான். கால் வடிவத்தில் செதுக்கிய கட்டைமேல் தோலை இழுத்து, அது நகராமல் அடியில் சிறு கம்பி ஆணிகள் அடித்து, காய்ந்ததும் ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். எத்தனை அடித்தோமோ அத்தனையும் வெளியே வர வேண்டும். ஒன்று தங்கினாலும் ஷூ ஷூ இல்லை.

விரல்கள் தாமாகவே உள்ளே போயின. வலது ஷூ சுத்தம். இடது ஷூவில், பெருவிரல் விழும் இடத்தில், அடித்துணிக்குக் கீழே கடுகளவு ஒரு மேடு.

அவருக்குப் புரிந்துவிட்டது. செய்தவர்களில் யாரோ ஒருவர் ஒன்றைப் பிடுங்க மறந்திருக்கிறார். இன்று போட்டால் தெரியாது. நாளைக்கும் தெரியாது. உடம்பின் பாரம் விழ விழ, பல்லாயிரம் அடி நடந்த பிறகு, அது துணியைத் துளைத்துக்கொண்டு தலை நீட்டும். அந்நேரம் அவள் அந்த நாட்டு மேடையில் நின்றுகொண்டிருப்பாள்.

மேஜை இழுப்பறையில் குறடு இருந்தது. இரண்டு நிமிஷ வேலை.

அவர் மேஜையைப் பார்த்தார். ஆணியை அவர் வைக்கவில்லை. கட்டுகிறவர் ஆணி பிடுங்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. அவர் எழுதிய விதியிலும் இல்லை.

ஒரு ஜோடி காலுறையை ஷூவுக்குள் அழகாகத் திணித்துப் பெட்டியின் ஓரத்தில் வைத்தார்.

மூன்று மணிக்குச் சாட்சிகள் வந்தார்கள். ஒருவர் ஆட்டோ ஓட்டும் தாவூத். இன்னொருத்தி கீழே டீக்கடை வைத்திருக்கும் குப்பம்மாள். சலோமியும் வந்து சுவரோரம் நின்றாள். டீச்சர் பட்டியலை எடுத்தார்.

"கம்பளிக் கோட்டு, ஒன்று."

"பார்த்தேன்."

"ஸ்வெட்டர், ஒன்று."

"பார்த்தேன்."

"பட்டுப்புடவை, ஒன்று."

"பார்த்தேன்."

"எம்மாடி," என்றாள் குப்பம்மாள். "அங்க யாரைக் கட்டிக்கப் போற?"

"குளிரைத்தான்," என்றாள் சலோமி.

"ஷூ, ஒரு ஜோடி."

சம்பங்கி பெட்டியின் ஓரத்தைப் பார்த்தார். "பார்த்தேன்." அதில் பொய் இல்லை என்று நினைத்துக்கொண்டார்.

டீச்சர் தாளை அவர் பக்கம் தள்ளினார். "பெயரை நீங்களே எழுதுங்க."

அவர் எழுதினார். நல்ல கையெழுத்து. இரண்டு பிரதியிலும் எழுதினார்.

டீச்சர் ஒரு பிரதியைப் பெட்டிக்குள் போட்டார். அது சறுக்கிப்போய் ஷூவின்மேல் விழுந்தது. இன்னொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். விதிப்படி சாட்சிகளும் எழுந்தார்கள். தாவூத் பீடியை அணைத்தார். அறை அமைதியானது.

இப்படி ஓர் அமைதியைத்தான் சம்பங்கி நாற்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் நிற்கிறார்கள். அவர் பெயர் வாசிக்கப்படப் போகிறது. அவர் திறந்த பெட்டியைப் பார்த்தார். இடது ஷூ. அதன்மேல் அவர் பெயர். இரண்டும் ஒன்றாக விமானம் ஏறப் போகின்றன.

"பெட்டி கட்டியவர்..." என்று டீச்சர் ஆரம்பித்தார்.

"இருங்க டீச்சர்."

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து குறடை எடுத்தார். ஷூவை வெளியே எடுத்து, காலுறையை உருவிவிட்டு, அடித்துணியின் ஓரத்தை நெம்பி, குறடை விட்டு ஒரு திருகு திருகினார். சிறிய கம்பி ஆணி வந்தது. அதை மேஜைமேல் வைத்தார். துணியைப் பழையபடி ஒட்டினார்.

தாவூத் குனிந்து பார்த்தார். "நல்லவேளைணா. இப்பத்தான் தெரிஞ்சுதா?"

"இல்லை," என்றார் சம்பங்கி. "கட்டும்போதே தெரியும்."

கீழே டீக்கடையில் பால் பொங்கும் வாசனை வந்தது. குப்பம்மாள் போகவில்லை.

சலோமி ஆணியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். திரும்ப மேஜைமேல் வைத்தாள். ஷூ இரண்டையும் காலில் மாட்டிக்கொண்டு வாசல் வரை நடந்தாள். திரும்பி நடந்து வந்தாள்.

"கடிக்கல," என்றாள். அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

சம்பங்கி கையை நீட்டினார். "அந்தத் தாளைக் கிழிச்சிடுங்க டீச்சர். வேற யாராவது கட்டட்டும். என் பேரு வேணாம்."

"கட்டி முடிச்சிட்டுக் கேக்கறேன்னு ஒரு கேள்வி வச்சிருந்தீங்களே அண்ணா."

அந்தக் கேள்வியை அவர் இப்போது கேட்கவில்லை.

டீச்சர் உட்கார்ந்தார். ஷூ என்று எழுதியிருந்த வரிக்குக் கீழே பேனாவால் இன்னொரு வரி சேர்த்தார். பெட்டிக்குள் கிடந்த பிரதியையும் எடுத்து அதையே எழுதினார். பிறகு எழுந்து, சாட்சிகள் பக்கம் திரும்பி, பொதுக்கூட்டத்தில் வாசிப்பதுபோல் குரலை உயர்த்தி வாசித்தார்.

"ஆணி, ஒன்று. கண்டும் விட்டவர், பிடுங்கி எடுத்தவர், பெட்டி கட்டியவர்: கோவிந்தன் மகன் சம்பங்கி."