மணிக்குத் திரும்பாத பிள்ளை

உப்புக்கு வரி இல்லாத காலம். மீனுக்கு விலை இல்லாத காலம். மனிதர்களுக்கு எதற்கெடுத்தாலும் காரணம் கேட்கிற வியாதி மட்டும் இன்றுபோலவே இருந்த காலம். அந்தக் காலத்தில் ஆலங்கழி என்று ஓர் ஊர் இருந்தது. கேளுங்கள் பிள்ளைகளே. பெரியவர்களும் எழுந்து போய்விடாதீர்கள், இந்தக் கதை உங்களுக்குத்தான் அதிகம் வேண்டும்.

ஆலங்கழிக்காரர்கள் கழிமுகத்தில் கிளிஞ்சல் வாரி, சூளையில் சுட்டு, சுண்ணாம்பாக்கி விற்பார்கள். அரண்மனைச் சுவர் வெள்ளையாக இருந்ததென்றால் அதற்கு அவர்கள்தான் காரணம். அதனால் அவர்களுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த ஊரில் ஒரு வழக்கம். பிள்ளைக்கு ஒரு வயது நிறைந்ததும் தாய் அதை மடியில் வைத்துக்கொண்டு கழிக்கரை அம்மன் முன்னால் உட்காருவாள். பூசாரி பிள்ளைக்குப் பின்னால் நின்று மணியடிப்பார். பிள்ளை சட்டென்று திரும்பும். உடனே ஊரே, "அம்மன் கூப்பிட்டா, பிள்ளை கேட்டது!" என்று கத்தும். பெயர் சூட்டுவார்கள், வெல்லம் கொடுப்பார்கள். மணிக்குத் திரும்பாத பிள்ளைக்குப் பெயர் கிடையாது. பெயர் இல்லாதவருக்குக் கிளிஞ்சல் திட்டில் பங்கு கிடையாது, கோயிலில் இடம் கிடையாது, பின்னாளில் கல்யாணமும் கிடையாது. ஆனால் அப்படி ஒரு பிள்ளை அதுவரை வந்ததே இல்லை. எல்லாப் பிள்ளைகளும் திரும்பின, எல்லாரும் வெல்லம் தின்றார்கள்.

கொற்றியின் மகள் திரும்பவில்லை.

பூசாரி ஒருமுறை அடித்தார். பிள்ளை அம்மாவின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. இரண்டாம் முறை அடித்தார். பிள்ளை எச்சில் குமிழி விட்டது. மூன்றாம் முறை, கை வலிக்க அடித்தார். மரத்திலிருந்த காக்கைகளெல்லாம் பறந்தன. பிள்ளை மட்டும் பொக்கை வாயைக் காட்டிச் சிரித்தது.

சூளையில் கிளிஞ்சல் படபடவென்று வெடிக்கும்போதுகூட அசையாமல் தூங்குகிற பிள்ளையைப் பற்றிக் கொற்றி இத்தனை நாளும், "என் மகளுக்குப் பயமே கிடையாது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போதுதான் புரிந்தது.

ஊர்த்தலைவர் நல்லுடையான் கெட்டவர் இல்லை. வெல்லம் கிடைக்காமல் போனதில் அவருக்கும் வருத்தம்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "அம்மன் கூப்பிட்டும் காது கேக்கலைன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கணும். காரணம் தெரிஞ்சா பரிகாரம். பரிகாரம் முடிஞ்சா பேரு. மூணு நாள் தர்றேன் கொற்றி, மூணு பெரியவங்களைக் கேட்டுட்டு வா. நாலாம் நாள் சபையில முடிவு. காரணம் கிடைக்கலைன்னா பேரும் இல்ல."

கொற்றியின் புருஷன் சாத்தன் வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து அழுதான். "நான்தான் கொற்றி. ஏழு வயசுல அம்மனுக்கு வச்ச வெல்லத்துல ஒரு துண்டைத் திருடித் தின்னேன்."

"சும்மா இருங்க. அந்த வெல்லத்தைத் திருடாதவங்க இந்த ஊர்ல யாரு இருக்கா?" என்றாள் கொற்றி. ஆனால் அவளுக்கு உள்ளே ஒரு முள் இருந்தது. பிள்ளை வயிற்றிலிருந்தபோது, கால் வீங்கிப்போய்த் திருவிழாவுக்குப் போக முடியாத கோபத்தில், "என்ன அம்மன் நீ!" என்று வாய்விட்டுத் திட்டியிருந்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. புருஷனை அதட்டிய வாய் தனக்குத் தானே ஒரு சமாதானம் சொல்ல முடியாமல் தவித்தது.

முதல் நாள், தோப்பில் தவமிருந்த முனிவரிடம் போனாள். தாடி முழங்கால்வரை இருந்தது. அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "முற்பிறவியில் இவள் நல்ல வார்த்தைக்குக் காது கொடுக்கவில்லை. அதனால் இந்தப் பிறவியில் காது கிடைக்கவில்லை. நூற்றெட்டு முறை தோப்பைச் சுற்று."

"முற்பிறவியில இவ யாரு சாமி?"

"அது தெரியாது."

"யாரு சொன்ன வார்த்தையைக் கேக்கல?"

"அதுவும் தெரியாது."

கொற்றி கும்பிட்டுவிட்டு எழுந்தாள். 'இன்ன தப்புக்காக அடிக்கிறேன் என்று சொல்லாமல் பிள்ளையை அடிக்கிற தாயை ஊர் சும்மா விடுமா? அம்மன் அப்படிப்பட்ட தாயா?' என்று நினைத்துக்கொண்டே நடந்தாள். ஆனாலும் நூற்றெட்டு முறை சுற்றினாள். பயம் அப்படிப்பட்டது.

இரண்டாம் நாள், சோதிடரிடம் போனாள். அவர் சோழிகளை உருட்டிப் பார்த்துவிட்டு விரலை நீட்டினார். "கிரகண நேரத்துல நீ வீட்டுக்குள்ள அடங்கி இருக்கல. வெளியே வந்திருக்க. பிள்ளை செவிடாப் பிறந்தது உன்னாலதான். மூணு கோயிலுக்கு மூணு குடம் எண்ணெய்."

அன்றைக்குக் கிரகணம் பிடித்தபோது கொற்றி சூளையடியில் இருந்தது உண்மைதான். பற்றவைத்த சூளையை யார் பாதியில் விட்டுவிட்டு ஓட முடியும்?

"என்கூட அன்னிக்கு மாசமா ஏழு பேரு சூளையில நின்னாங்க அய்யா. அவங்க பிள்ளைங்க ஏழும் பாத்திரம் விழுந்தாலே வீல்னு கத்துதே?"

சோதிடர் சோழிகளை மறுபடி உருட்டினார். "அப்படின்னா உன் புருஷனாலதான்."

நல்லவேளை, சாத்தன் அங்கே இல்லை. இருந்திருந்தால் வெல்லத்துண்டு கதையைச் சொல்லி அங்கேயே படுத்திருப்பான்.

மூன்றாம் நாள், ஊர் ஊராகப் பாடித் திரிகிற அடியாரம்மாளிடம் போனாள். அந்த அம்மாள் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக் கொஞ்சினாள். "அழாதேம்மா. நல்ல மனசு உள்ளவங்களாப் பாத்துத்தான் கடவுள் இப்படி ஒரு பிள்ளையைக் கொடுப்பாரு. உன் பொறுமையைச் சோதிக்கிறாரு" என்றாள்.

கொற்றிக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. மூன்று நாளில் யாரையும் பழி சொல்லாத முதல் வார்த்தை அது. பாதி வழி வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள். பிறகு நின்றுவிட்டாள். 'என் பொறுமையைச் சோதிக்க என் காதை மூடினால் நியாயம். இவள் காதை ஏன் மூடவேண்டும்? இவள் என்ன, எனக்கு வைத்த பரீட்சையா? இவள் எனக்குப் பிறந்த மகள் அல்லவா?' கோபம் வந்தது. கோபத்தோடு பிள்ளையை இறுக்கி முத்தம் கொடுத்தாள். பிள்ளை மறுபடியும் மூக்குத்தியைப் பிடித்தது.

நாலாம் நாள் காலையில் கோயில் முற்றத்தில் சபை கூடியது. மூன்று பெரியவர்களும் வந்துவிட்டார்கள். முனிவர் முற்பிறவி என்றார். சோதிடர் கிரகணம் என்றார். அடியாரம்மாள் அருட்சோதனை என்றாள். அவர் சொன்னதை இவர் மறுக்க, இவர் சொன்னதை அவர் மறுக்க, முனிவரின் தாடி சோதிடரின் சோழிப்பையில் சிக்கிக்கொள்ள, சந்தை தோற்றுப்போகும் இரைச்சல். அங்கே நிம்மதியாக இருந்தது ஒரே ஆள்தான். அது கொற்றியின் மடியில் உட்கார்ந்து தன் கால் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தது.

கொற்றி எழுந்தாள்.

"மூணு பேரும் பெரியவங்க. மூணு பேரு சொல்றதும் சரின்னே வச்சுக்குவோம். எனக்கு மூணே கேள்வி. நாளைக்கு இவளுக்குப் பசிச்சா என்ன கொடுக்க?"

"கஞ்சி" என்றார் முனிவர். "கஞ்சிதான்" என்றார் சோதிடர். "கஞ்சிதாம்மா" என்றாள் அடியாரம்மாள். நாலு நாளில் மூவரும் ஒத்துப்போனது அப்போதுதான். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இவ நடக்கும்போது விழுந்தா?"

"தூக்கிவிடணும்." இதையும் மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"சரி. இவளைக் கூப்பிடணும்னா எப்படிக் கூப்பிட?"

முனிவர் தாடியைப் பார்த்தார். சோதிடர் சோழியைப் பார்த்தார். அடியாரம்மாள் வானத்தைப் பார்த்தாள். காரணத்தைத் தேடுகிற அவசரத்தில் அதை ஒருவரும் யோசிக்கவில்லை.

கொற்றி பூசாரியிடம் திரும்பினாள். "அய்யா, பூசை நேரத்துல உங்க இடது கையில மணி இருக்கும். வலது கையில என்ன இருக்கும்?"

"கற்பூரத் தட்டு."

"அது அம்மனோடது இல்லையா?"

"அம்மனோடதுதான்."

"அப்போ அம்மன் மணியில மட்டுந்தான் கூப்பிடுவாளா? தீபத்துல கூப்பிட மாட்டாளா? இவ திரும்பலைன்னு நாலு நாளா எல்லாரும் பேசுறோம். இவளுக்குத் தெரியுற மாதிரி நாம கூப்பிட்டோமா? வீட்டுல விளக்கு ஏத்தினா எந்த மூலையில இருந்தாலும் திரும்புவா அய்யா."

பூசாரி தலையைச் சொறிந்தார். "வழக்கம் இல்லையேம்மா..." என்று இழுத்தார். நல்லுடையானைப் பார்த்தார். நல்லுடையான் அம்மனைப் பார்த்தார். அம்மன் சிரித்த முகமாகத்தான் இருந்தாள்.

"காட்டுங்க" என்றார் தலைவர்.

பூசாரி கற்பூரம் ஏற்றினார். பழக்க தோஷத்தில் ஊரே கண்ணை மூடிக் கைகூப்பியது. தட்டு பிள்ளையின் பின்னாலிருந்து பக்கவாட்டில் மெல்ல வந்தது. வெளிச்சம் மூக்குத்தியில் பட்டு மின்னியதோ இல்லையோ, பிள்ளை சட்டென்று திரும்பியது. திரும்பியதோடு நிற்காமல் தீபத்தைப் பிடிக்க இரண்டு கையையும் நீட்டிப் பாய்ந்தது. கொற்றி இழுத்துப் பிடித்திருக்காவிட்டால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

"கண்ணைத் தொறங்கய்யா எல்லாரும்! திரும்பிட்டா! திரும்பிட்டா!" என்று பூசாரியே கத்தினார்.

"அம்மன் கூப்பிட்டா, பிள்ளை பாத்தது!" என்று ஊர் கத்தியது.

"அப்போ காரணம்?" என்று சோதிடர் கேட்டார்.

"அதை அம்மன்கிட்டயே விட்டுடுவோம். அவளுக்குத் தெரிஞ்சா போதும். கஞ்சியை நாம பாத்துக்குவோம்" என்றார் நல்லுடையான். "பேரைச் சொல்லு கொற்றி."

"முத்தாள்" என்றாள் கொற்றி. சொல்லிவிட்டுப் பிள்ளையைப் பார்த்தாள். ஊர் கேட்டது, பெயருக்கு உரியவள் கேட்கவில்லை. கொற்றி கீழே உட்கார்ந்து, அவளைத் தன் பக்கம் திருப்பி மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து மூடி, முத்துச்சிப்பி திறப்பதுபோல் மெல்ல விரித்தாள். பிறகு மகளின் நெஞ்சைத் தொட்டாள். விரித்தாள், தொட்டாள். மூன்று முறை செய்தாள்.

சாத்தன்தான் முதலில் புரிந்துகொண்டு கையை விரித்தான். பூசாரி மணியையும் தட்டையும் கீழே வைத்துவிட்டு விரித்தார். நல்லுடையான், சூளைக்காரப் பெண்கள் ஏழு பேர், முனிவர், சோதிடர், அடியாரம்மாள் என்று ஒருவர் பின் ஒருவராக விரித்தார்கள். சுண்ணாம்பு பட்டு வெளுத்துப்போன முந்நூறு ஜோடிக் கைகள், ஒரு சத்தமும் இல்லாமல், அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டன.

முத்தாள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் பெயர். பிறகு தன் குட்டிக் கைகளைச் சேர்த்து, கோணல்மாணலாக, தானும் விரித்தாள்.

கொற்றி அழுதாள், சிரித்தாள். அம்மனைத் திட்டியதை அப்போது நினைத்துப் பார்த்தாள். உள்ளே முள் இருந்த இடத்தில் இப்போது வலி இல்லை. அதற்குப் பிறகு வெல்லம் வந்தது. சாத்தன் இந்த முறை கேட்டு வாங்கித் தின்றான்.

பிள்ளை ஏன் இப்படிப் பிறந்தது என்று காரணம் தேடி அலைவதைவிட, அதற்குப் புரிகிற வழியில் அதை அழைத்து நம்மோடு சேர்த்துக்கொள்வதே தெய்வத்துக்குப் பிடித்த அறம்.