முதல் கூடை மண்

செங்குன்ற நாட்டை ஆண்ட வல்லபராயருக்கு நல்ல மனசு. காதுதான் கொஞ்சம் இளகியது. கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதே சட்டம். அந்தச் சித்திரையில் கடைசியாகப் பேசியவர் பிரதானி சூரப்பர்.

"நாட்டில் நானூற்றுப் பன்னிரண்டு ஏரிகள், மகராசா! அத்தனையையும் பட்டிக்காட்டு வாரியங்கள் ஆள்கின்றன. மடையைத் திறப்பதும் மூடுவதும் அவர்கள் இஷ்டம். அப்புறம் தாங்கள் எதற்கு அரசர்?"

அரசருக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாளே தண்டோரா போட்டார்கள். இனி ஏரிகள் எல்லாம் அரசருக்கே சொந்தம். பிரதானியின் முத்திரை இல்லாமல் யாரும் மடையைத் தொடக் கூடாது, ஒரு பிடி வண்டல்கூட அள்ளக் கூடாது. எதிர்த்து வாய் திறந்தால் சிறை.

அந்த அரசவையில் வெண்காடன் என்று ஒருவன் இருந்தான். அரசரைச் சிரிக்க வைப்பதும், அவர் சிரிக்கிற நேரம் பார்த்து நாலு நல்ல வார்த்தை சொல்வதும் அவன் வேலை. கொண்டலூர் ஏரி வாரியத்தின் தலைவி உலகம்மை அவனைத் தேடி வந்தாள்.

"ஐயா, எங்க ஏரியில இடுப்பளவு வண்டல் கெடக்கு. மழைக்கு முன்னால தூர் வாரலேன்னா, வர்ற தண்ணி தங்க எடமில்லாம கரையை ஒடைச்சிரும். கரைக்குக் கீழதான் ஊரே இருக்கு. முத்திரைக்கு மூணு தடவை நடந்துட்டேன். 'பார்க்கலாம், பார்க்கலாம்'ங்கிறாரு பிரதானி."

வாயைத் திறந்தால் வெண்காடன் சிறைக்குள். திறக்காவிட்டால் கொண்டலூர் தண்ணீருக்குள். எதிர்த்துப் பேசினால்தானே சிறை, ஆதரித்துப் பேசினால் என்ன செய்வார்கள் என்று யோசித்தான்.

"தூர் வாருகிற முதல் நாள் ஊரில் என்னென்ன செய்வீர்கள்? ஒன்று விடாமல் சொல்லம்மா" என்றான்.

அவள் சொல்லச் சொல்ல அவன் முகம் மலர்ந்தது.

மறுநாள் வெண்காடன் உலகம்மையோடு சபைக்குள் நுழைந்தான். ஒரு மண்வெட்டி, ஒரு மூங்கில் கூடை, தலையில் வைக்கும் சும்மாடு மூன்றையும் அரசர் காலடியில் வைத்தான். நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"என்ன அருமையான உத்தரவு, மகராசா! கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. கொண்டலூர் ஏரி தங்களுக்காகக் காத்திருக்கிறது. எப்போது கிளம்பலாம்?"

"நான் எதற்கு வரவேண்டும்?"

"தூர் வார வேண்டாமா? ஏரி யாருடையதோ அவர்தானே முதலில் சேற்றில் இறங்க வேண்டும்? முதல் கூடை மண்ணைத் தன் கையால் வெட்டித் தன் தலையில் சுமந்து கரையில் கொட்டினால்தான் அடுத்த மண்வெட்டி மண்ணைத் தொடும். வாரியத் தலைவராக இருப்பவர் வருஷா வருஷம் செய்கிற வேலை இது. இதுவரை உலகம்மை சுமந்தாள். இனி ஏரி தங்களுடையது."

சபையில் யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"நானூற்றுப் பன்னிரண்டு ஏரிக்குமா?" என்றார் அரசர்.

"ஆமாம், மகராசா. ஒரு நாளைக்கு ஒன்று என்று வைத்தால் அடுத்த ஆனிக்குள் முடித்துவிடலாம். அதற்குள் முதல் ஏரி மறுபடி தூர்ந்திருக்கும். திரும்பவும் அங்கிருந்து தொடங்க வேண்டியதுதான்."

"அந்த வழக்கத்தையே ரத்து செய்கிறேன்!"

"தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் சொந்தக்காரர் முதலில் இறங்குவதால்தான் ஊரே கூப்பிடாமல் பின்னால் இறங்குகிறது. வழக்கம் போனால் ஆளும் போய்விடும். படை வீரர்களைத்தான் மண் வெட்ட அனுப்ப வேண்டும்."

தளபதி அவசரமாக எங்கோ பார்த்தார்.

சூரப்பருக்கு வியர்த்தது. தன் யோசனை கவிழ்வதைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. முன்னால் பாய்ந்து வந்தார். "மகராசா மண் சுமப்பதா? தங்களுக்குப் பதில் அடியேன் சுமக்கிறேன்!"

வெண்காடன் இதற்காகத்தான் காத்திருந்தான். "உலகம்மா, போன வருஷம் உங்கள் ஊரில் என்ன நடந்தது?"

"ஏரிக்கு நான் சுமக்கிற மாதிரி, ஒவ்வொரு மடைக்கும் அதைப் பார்த்துக்கிற மடைக்காரன் முதல் கூடை சுமக்கணும். பக்கத்து மடைக்காரன் இருளப்பன் காய்ச்சல்ல படுத்துட்டான். அவன் தம்பி கூடையைத் தூக்குனான். அந்த வருஷம் பூரா மடை தம்பி பொறுப்புல இருந்துச்சு. கூடை யார் தலையிலயோ, மடையும் அவருக்குத்தானே."

"கேட்டீர்களா, மகராசா? கூடையைச் சுமப்பவருக்கே ஏரி. பிரதானியோ எல்லாக் கூடைகளும் தனக்கே வேண்டும் என்கிறார்!"

"ஐயோ! எனக்கு ஒரு குட்டைகூட வேண்டாம்!" சூரப்பர் கூடையிடமிருந்து இரண்டடி தள்ளி நின்றார்.

அரசர் கூடையைப் பார்த்தார். உலகம்மையைப் பார்த்தார். வெயிலில் கறுத்த அவள் நெற்றியைப் பார்த்ததும் அவருக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

"சுமப்பவர்களுக்கே ஏரி" என்றார். "உத்தரவை இப்போதே கிழித்துப் போடுங்கள். மடையும் கரையும் வண்டலும் அந்தந்த ஊர் வாரியம் பார்த்துக்கொள்ளட்டும். இடிந்த மடைகளுக்குக் கருங்கல் அனுப்புவது என் பொறுப்பு. கொண்டலூருக்கு முதல் வண்டி இன்றே கிளம்பட்டும்."

உலகம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள். போகிற போக்கில் சன்னல் வழியாகப் பாசி படர்ந்து கிடந்த குளம் கண்ணில் பட்டது.

"மகராசா, அது யாரு கொளம்?"

"அதுவா? அரண்மனைக் குளம். அது மட்டும் என்னுடையது!" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன அரசர், சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வெண்காடன் சும்மாட்டைச் சுருட்டி நீட்டினான்.

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். கிரீடத்தைக் கழற்றி அரியணையில் வைத்துவிட்டுச் சும்மாட்டை வாங்கிக்கொண்டார்.

"வெண்காடா, முதல் கூடைக்குத்தானே விதி? இரண்டாவது கூடையை யார் வேண்டுமானாலும் சுமக்கலாம் அல்லவா?"

"சுமக்கலாம், மகராசா."

அரசர் திரும்பினார். "சூரப்பரே, வேட்டியை மடித்துக் கட்டும்."