குரோஃப்ட்டின் நாலு நிமிஷம்

"அறுபத்தோரு டேக் எடுத்தாச்சு தெல்மா. வரல" என்றார் குரோஃப்ட்.

"எது வரல?"

"மௌனம்."

தெல்மா தலை நிமிரவில்லை. வெள்ளைப் பருத்தி உறை மாட்டிய கையால் பிலிம் துண்டு ஒன்றை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். இரண்டு கட்டம் தள்ளி வெட்டினார்.

"உக்காருங்க சார்" என்றார்.

ஊர் ஹாலிவுட். வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்து. ஹார்லன் குரோஃப்ட் என்றால் அங்கே தெரியாத ஆள் கிடையாது. நாற்பத்தோரு படம் எடுத்தவர். குதிரைப் படம், கொலைப் படம், ஆட்டபாட்டப் படம், கைக்குட்டை நனைகிற படம், ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. செட்டில் அவர் இருமினால் லைட்காரர் ஏணியின் பாதியிலேயே நின்றுவிடுவார்.

தெல்மா அந்த ஸ்டுடியோவின் எடிட்டர். குரோஃப்ட்டைவிடப் பத்தொன்பது வயது சின்னவர். இருந்தாலும் ஒரு படம் நொண்ட ஆரம்பித்தால் எப்பேர்ப்பட்ட டைரக்டரும் அந்தச் சின்ன அறைக் கதவைத்தான் தட்டியாக வேண்டும். பதில் கிடைக்கும். ஆனால் தெல்மா பேச்சையும் பிலிமையும் ஒரே கத்தரியால் வெட்டுகிறவர். பாதிப் பேர் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, இதை வைத்து என்ன செய்வதென்று விழித்தபடி வெளியே போவார்கள்.

"நாளைக்கு சாயங்காலம் வரைக்கும்தான் டைம்" என்றார் குரோஃப்ட். "முடிக்கலைன்னா படத்த வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன்னு முதலாளி சொல்லிட்டார். நடுவுல பிடுங்கின படத்துக்கு அப்புறம் எனக்கு எவன் படம் குடுப்பான்? வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"என்ன காட்சி?"

"ரயில்வே ஸ்டேஷன். அப்பா, மகள். பத்து வருஷமா பேசாதவங்க. ஒரு பெஞ்சுல உக்காந்திருக்காங்க. ரயில் வர்ற வரைக்கும் சும்மா உக்காந்திருக்கணும். அவ்வளவுதான்."

"சும்மா உக்கார அறுபத்தோரு டேக்கா?"

"அந்தப் பொண்ணுக்குக் கை நடுங்குது. திட்டினேன்."

"அப்புறம்?"

"காலும் நடுங்குது."

தெல்மா இன்னொரு துண்டை எடுத்தார்.

"முதலாளிக்கு அந்தப் பழைய மௌனம் வேணுமாம்" என்றார் குரோஃப்ட். "போஸ்டர்லயே போட்டுட்டார். 'மீண்டும் குரோஃப்ட்டின் மௌனம்'னு."

பழைய மௌனம் என்னவென்று சொல்லிவிட வேண்டும். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் குரோஃப்ட் ஒரு படம் எடுத்தார். ஒரு கிழவர், ஒரு கிழவி. ஒரே மகன் இறந்துபோன சேதி வந்த அன்று ராத்திரி, இரண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுகிறார்கள். பிறகு பேசுவதில்லை. முழுசாக நாலு நிமிஷம், சத்தமே இல்லாமல், ஏதேதோ செய்துகொண்டிருக்கிறார்கள்.

உலகம் அழுதது. பேசும் படம் வந்த காலத்தில் பேசாமல் ஒருத்தன் இப்படி எடுத்துவிட்டானே என்று கொண்டாடியது. கல்லூரிகளில் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். குரோஃப்ட்டும் போனார். மௌனத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினார்.

இப்போது அவர் எழுந்து போய் அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டார்.

"தெல்மா, உலகத்துல யாருக்கும் தெரியாத ஒண்ணு சொல்றேன். என் மனைவிக்கும் தெரியாது."

"சொல்லுங்க."

"அந்த நாலு நிமிஷம் நான் தூங்கிட்டேன்."

தெல்மாவின் கை நின்றது.

"நாற்காலியில உக்காந்தபடியே தூங்கிட்டேன். எழுதின வசனம் முடிஞ்சு போச்சு. 'கட்'னு டைரக்டர்தான் சொல்லணும், வேற யாரும் சொல்லக் கூடாது. அது நம்ம தொழில்ல சட்டம். என்னை எழுப்பவும் எவனுக்கும் தைரியம் இல்ல. அந்தளவுக்கு பயம். கேமரா ஓடிட்டே இருந்திருக்கு. அவங்களும் ஏதோ செஞ்சுட்டே இருந்திருக்காங்க. பிலிம் தீர்ந்து மெஷின் படபடன்னு அடிச்சப்பதான் முழிச்சேன்."

"என்ன சொன்னீங்க?"

"'கட்'னு சொன்னேன்."

"அப்புறம்?"

"எல்லாரும் என்னையே பாத்தாங்க. கண்ண மூடிக் கவனிச்சேன்னு சொன்னேன்."

தூங்கினவன் கன்று கடாக்கன்று என்பது நம்மூர்ப் பழமொழி. குரோஃப்ட்டுக்கு மட்டும் தூங்கின நேரத்தில் பசுங்கன்று பிறந்தது. அதைக் கட்டிவைத்துப் பத்தொன்பது வருஷம் பால் கறந்தார். ஒரு நாள்கூட அந்தப் பால் அவருக்குச் செரிக்கவில்லை.

"யாராவது அந்தப் படத்தப் புகழ்ந்தா பயமா இருக்கும்" என்றார். "இன்னைக்கு மாட்டிக்குவேன், நாளைக்கு மாட்டிக்குவேன்னு. இப்ப நிஜமாவே மாட்டிக்கிட்டேன். எப்படி எடுத்தேன்னு தெரிஞ்சாத்தானே திரும்ப எடுக்க? நேத்து நாற்காலியில சாஞ்சு கண்ண மூடிக்கூடப் பாத்தேன்."

"தூக்கம் வந்துச்சா?"

"வரல."

தெல்மா எழுந்தார். மேல் அலமாரியில் பின்னால் கை விட்டு, துருப்பிடித்த தகர டப்பா ஒன்றை எடுத்தார். உள்ளே இருந்த, சத்தம் மட்டும் பதிந்த பிலிம் சுருளை எடிட்டிங் மெஷினில் மாட்டி ஓட விட்டார்.

கர்... கர்... என்று ஒரு சத்தம்.

"என்ன இது? தச்சுப் பட்டறையில எடுத்ததா?" என்றார் குரோஃப்ட்.

"நல்லாக் கேளுங்க."

கேட்டார். காது மடல் சிவந்தது.

"நானா?"

"மைக் எட்டடி தள்ளி இருந்துச்சு. அப்படியும் விழுந்திருக்கு." தெல்மா மெஷினை நிறுத்தினார். "இத நீக்க ரெண்டு நாள் போராடினேன். எங்க தொட்டாலும் குறட்டை. கடைசியில அந்த நாலு நிமிஷத்துல சத்தத்த மொத்தமா உருவிட்டேன். மிச்சம் இருந்ததுக்குத்தான் மௌனம்னு பேர் வச்சாங்க."

குரோஃப்ட் மெஷினையும் தெல்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப உனக்குத் தெரியும்."

"எனக்கா? கேட்டுல நிக்கிற காவல்காரருக்கும் தெரியும் சார்."

"எத்தன பேருக்கு?"

"அன்னைக்கு செட்டுல எழுபது பேர்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக ஒரு மனுஷன் பத்தொன்பது வருஷம் நினைத்துக்கொண்டிருந்தார். பந்தியில் இருந்த எழுபது பேரும் அந்தப் பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டிருக்கிறார்கள்.

முதலில் அவருக்கு மானம் போனது. அடுத்து என்னவோ, சிரிப்பு வந்தது. தோள் குலுங்கச் சிரித்தார். இவ்வளவு காலம் தனியாகச் சுமந்த மூட்டையை எழுபது பேர் கூடவே தூக்கி வந்திருக்கிறார்கள் என்றால், வேறென்ன செய்வது?

"ஒருத்தர்கூட வெளிய சொல்லலையே?"

"சொல்லல."

சிரிப்பு நின்றது. "அவ்வளவு பயம்" என்றார்.

தெல்மா தலையை ஆட்டினார், இல்லை என்று. அந்தப் பழைய காட்சியை மெஷினில் மாட்டி ஓட விட்டார். உள்ளங்கை அகலத் திரை. அதில் கிழவரும் கிழவியும்.

"கெழவி என்ன பண்றாங்க?"

"தட்ட எடுக்கிறாங்க."

"எப்படி எடுக்கிறாங்க?"

"மெதுவா. ஒரு தட்டு மேல இன்னொரு தட்டு வைக்கிறதுக்கு முன்னாடி நடுவுல துணி வைக்கிறாங்க."

"கெழவர்?"

"ஷூவக் கழட்டுறார். வெறுங்காலோட போய் ஜன்னலச் சாத்துறார். மகன் போன பிறகு உலகத்தையே சாத்திட்டார்னு நான் கல்லூரியில சொல்லியிருக்கேன்."

"வெளிய யாரோ ஆணி அடிச்சிட்டிருந்தாங்க சார். அதான் சாத்தினார்."

குரோஃப்ட் திரைக்குக் கிட்டே குனிந்தார்.

"இப்ப ரெண்டு பேரும் எங்க பாக்கிறாங்க?" என்று தெல்மா கேட்டார்.

"கேமராவுக்கு இடது பக்கம். சாவையே நேருக்கு நேர் பாக்கிறாங்கன்னு ஒரு விமர்சகர் எழுதினார். நானும் ஆமான்னேன்."

"அங்க என்ன இருந்துச்சு?"

குரோஃப்ட் யோசித்தார். அந்த செட்டை மனசுக்குள் நிறுத்தினார். கேமரா இங்கே. லைட் அங்கே. இடது பக்கம்...

"என் நாற்காலி" என்றார்.

தெல்மா மெஷினை அணைத்தார்.

"அந்த வாரம் உங்க மனைவி ஆஸ்பத்திரியில இருந்தாங்க. பதினோரு ராத்திரி நீங்க கண்ண மூடல. பகல்ல இங்க வந்து எங்களத் திட்டினீங்க. உங்க டிரைவர்தான் சொன்னார்."

"யார்கிட்டயும் மூச்சு விடாதன்னு சொல்லியிருந்தேனே அவன்கிட்ட."

"அதான் எழுபது பேரோட நிறுத்திக்கிட்டார்."

தெல்மா டப்பாவின் அடியிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு பிலிம் துண்டை எடுத்து நீட்டினார். "இந்த ஒரு இடத்த மட்டும் படத்துலேர்ந்து வெட்டிட்டேன். விட்டிருந்தா குட்டு உடைஞ்சிருக்கும்."

குரோஃப்ட் அதை விளக்குக்கு நேரே பிடித்தார்.

ஆறு கட்டம். ஆறிலும் கிழவி கேமராவைப் பார்த்துக்கொண்டு, உதட்டில் விரலை வைத்திருந்தார். சத்தம் போடாதே என்று. குழந்தை இப்போதுதான் கண்ணயர்ந்தது என்று பெற்றவள் சொல்வாளே, அந்த முகம்.

குரோஃப்ட்டின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. துடைக்கவில்லை. எல்லோரும் தன்னைக் கண்டு நடுங்குகிறார்கள் என்ற நினைப்பிலேயேதான் அவர் நாற்பத்தோரு படம் எடுத்திருந்தார். அந்த மனைவி பிழைத்து வந்து இன்றைக்கும் வீட்டில் அவரை அதட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் பிழைத்த செய்தி வந்த அன்றுகூட இவ்வளவு லேசாக மூச்சு விட்டதாக அவருக்கு ஞாபகம் இல்லை.

"ஏன் ஒரு நாள்கூட நீ சொல்லல தெல்மா?"

"நீங்க கேக்கல."

"சரி. நாளைக்கு நான் என்ன பண்ணட்டும்?"

தெல்மா கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு தன் வேலைக்குத் திரும்பினார்.

"போறப்ப கதவ மெதுவாச் சாத்திட்டுப் போங்க."

மறுநாள் காலை குரோஃப்ட் செட்டுக்குள் வந்தபோது வழக்கம்போல எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். பெஞ்சில் அப்பாவாக நடிக்கிறவர் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் அந்தப் பெண், ஐவி. இருபத்திரண்டு வயசு. கையைத் தொடைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள்.

குரோஃப்ட் நேராக அவளிடம் போய்ப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஐவி, நேத்து வரைக்கும் உன்ன ஒண்ணு செய்யச் சொன்னேன். அது எப்படிச் செய்யறதுன்னு எனக்கே தெரியாது. அந்தப் பழைய படத்துல அந்த நேரம் நான் தூங்கிட்டேன்."

ஐவி அவரையே பார்த்தாள். நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

ஏணி மேலிருந்து லைட்காரர் குரல் கொடுத்தார். "குறட்டை விட்டதையும் சொல்லிடுங்க சார்."

எல்லோரும் குரோஃப்ட்டைப் பார்த்தார்கள். முதலில் சிரித்தவர் குரோஃப்ட். பிறகு செட் மொத்தமும் சிரித்தது. ஐவி கையை வெளியே எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், மேக்கப் கரைந்து, மேக்கப்காரர் ஓடி வரும் வரைக்கும் சிரித்தாள்.

"போதும்" என்றார் குரோஃப்ட். "மேக்கப்பச் சரி பண்ணு. உனக்கு எப்படித் தோணுதோ அப்படி உக்காரு."

அறுபத்திரண்டாவது டேக்.

அது முடிந்து, லைட்டுகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருக்கும்போது முதலாளி வந்து சேர்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

"மௌனம் வந்துச்சா?" என்று கேட்டார்.

"வரல" என்றார் குரோஃப்ட். "பத்து வருஷமா பேசாத பொண்ணு, 'அப்பா, காப்பி குடிக்கிறீங்களா'ன்னு கேட்டுட்டா. அவரும் சரின்னுட்டார்."

"அது ஸ்கிரிப்ட்ல இல்லையே. அப்படின்னா?"

"அப்படின்னா, படம் முடிஞ்சது."