கிணற்றுக்கு உறை

ஆற்றுமேடு என்ற பழைய நகரத்தில் தெருவெல்லாம் செங்கல் சாக்கடை, வீட்டுக்கு வீடு கிணறு. அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பு உதிரனிடமும் அவன் தம்பிகள் மூவரிடமும் இருந்தது. அப்படியும் அந்த நகரம் பல காலம் நீடித்தது.

"சாக்கடை கண்ணில் படக் கூடாது" என்றார் ஒருமுறை நீர் அதிகாரி. மேலே பலகைக் கல் போட்டு மூடுவார்கள் என்று நினைத்தார். அன்றிலிருந்து நால்வரும் கண்ணை மூடிக்கொண்டு நடந்தார்கள். ஒரே மாதத்தில் பதினொரு முறை விழுந்தார்கள். "விழுந்தோமே தவிர, பார்க்கலை" என்று உதிரன் பெருமையாகச் சொல்லிக்கொண்டான்.

இந்த நிலையில் உதிரன் வீட்டுக் கிணற்றிலேயே மண் சரிந்தது. தண்ணீர் சேறானது. மூன்றாம் நாள் மகள் எயினிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கால் கழுவத் தண்ணீர் இல்லையென்றால் சம்பந்தமே முறிந்துவிடும். அதிகாரியிடம் ஓடினான்.

"கிணற்றுக்கு உறை போடுடா, சரியாயிடும்!" என்றார் அவர். சுட்ட மண் வளையங்களை அடுக்கி இறக்குவார்கள் என்று நினைத்தார். சொல்லிவிட்டு வெளியூர் போய்விட்டார்.

தம்பிகள் கூடி ஆலோசித்தார்கள்.

"உறைன்னா கத்திக்குப் போடுறதுதானே அண்ணே?" என்றான் கோடன்.

"கிணறு யாரையாவது குத்துச்சா?" என்று கேட்டான் உதிரன்.

"தலையணைக்கும் உறை உண்டு" என்றான் சாத்தன்.

"அதுல தலை வெச்சுப் படுக்கப் போறியாக்கும்!"

கடைசித் தம்பி குவிரன் தொண்டையைச் செருமினான். "பாலுக்கு உறைன்னா மோர். தண்ணிக்கும் அதேதான் அண்ணே. கெட்டியாயிட்டா அப்புறம் மண்ணு எப்படிச் சரியும்?"

உதிரனுக்குக் கண் கலங்கியது. "இவனைப் போய்ச் சாக்கடையில விட்டு வெச்சிருக்கோமே!"

ஆறு பானை மோர் ஊற்றினார்கள். உறைகிற கிணறு அலுங்கக் கூடாதென்று தெருவில் ஒருவரையும் நடக்க விடவில்லை. இரண்டு நாளாகியும் உறையவில்லை.

மூன்றாம் நாள் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் கிணற்றை எட்டிப் பார்த்தார். முகர்ந்தார். முகம் சுருங்கியது.

"என்ன சம்பந்தி இது?"

உதிரன் காலி மோர்ப் பானைகளைக் காட்டினான். "உறை போட்டேன் சம்பந்தி. உறைய மாட்டேங்குது."

"எப்படி உறையும்? நிழல்ல வெச்சிருக்கீங்களே! பனிக்காலத்துல உறை போட்டா அடுப்படிக்குக் கொண்டு போகணும்னு இந்த வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாதா?"

உதிரன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். எப்பேர்ப்பட்ட அறிவாளி வீட்டில் மகள் வாழப்போகிறாள்! கால் கழுவுகிற பேச்சை எல்லாரும் மறந்தார்கள்.

கயிறு வந்தது. பெண் வீட்டார் ஒரு பக்கம், மாப்பிள்ளை வீட்டார் மறு பக்கம் கிணற்றின் விளிம்பைப் பற்றிக் குனிந்தார்கள். மாப்பிள்ளையும் மாலையோடு வந்து ஒரு கை கொடுத்தான்.

"ம்... தூக்கு!"

"மெதுவா சம்பந்தி, மெதுவா!" என்று பதறினான் உதிரன். "தளும்பிடப் போகுது!"