வடக்கு வாசலில் கேட்ட வாழ்த்து

அந்தக் காலத்திலே ஆனைமடு தேசத்தைத் திருமேனி ராஜா ஆண்டுவந்தார். ஒருநாள் அவருடைய தளபதி கடம்பத்தேவன் காவலரைக் கைக்குள் போட்டுக்கொண்டு, அவரைப் பாதாளச் சிறையில் தள்ளிவிட்டுத் தானே சிங்காசனம் ஏறிவிட்டான்.

அந்தத் தேசத்தில் ஒரு வழக்கம். ராஜாவுக்கு என்ன நிறமோ, சபையில் எல்லாருக்கும் அதே நிறத்தில் தலைப்பாகை. திருமேனி ராஜாவுக்கு மஞ்சள், கடம்பத்தேவனுக்குச் சிவப்பு. விடிவதற்குள் சபை முழுக்கச் சிவந்துபோயிற்று. மந்திரி அம்பலவாணரும் சிவப்பைத்தான் கட்டினார். சிறையில் கிடப்பவர் உயிரைக் காப்பாற்ற இவரை விட்டால் யார் இருக்கிறார்கள்?

மந்திரி பதவிமேல் கண் வைத்திருந்த தாண்டவராயன் ஒருநாள் எழுந்தான். "மகாராஜா! அம்பலவாணர் வீட்டுப் பெட்டியிலே மஞ்சள் தலைப்பாகை இருக்கிறது!"

"மெய்தானா, ஓய்?" கடம்பத்தேவன் அம்பலவாணரைப் பார்த்தான்.

"மெய்தான் பிரபு. தாண்டவராயர் வீட்டிலும் இருக்கும்."

"சிவ சிவா! அன்றைக்கே அடுப்பிலே போட்டுவிட்டேனே!"

கடம்பத்தேவன் அம்பலவாணரைப் பார்த்து உறுமினான். "நாளைக்குத் திருமேனி தலையோடு உம்முடைய தலையும் உருளும்!"

அம்பலவாணர் சிங்காசனத்தருகே போனார். ராஜாவின் காதோரம் குனிந்தார். "அதற்கு முன்னே, திருமேனி ராஜா தப்பித்துப் படையோடு வடக்கு வாசலில் நிற்கிறார் என்று முரசறையச் சொல்லுங்கள். நாம் மேல்மாடத்திலிருந்து பார்ப்போம்."

முரசு அதிர்ந்தது. புது ராஜாவைக் காக்க ஓர் ஈ காக்கைகூட வரவில்லை. வடக்கு வாசலோ மஞ்சளாய் நிறைந்தது. "திருமேனி மகாராஜா வாழ்க!" முன்னால் ஆரத்தித் தட்டோடு நின்றவன் தாண்டவராயன். தலைப்பாகையில் மடிப்புக்கூட இன்னும் போகவில்லை.

"எல்லாரையும் கழுவில் ஏற்று!" மேல்மாடத்தில் கடம்பத்தேவன் கத்தினான்.

"ஏற்றிவிட்டால் யாரை ஆள்வீர்கள் பிரபு? தோற்ற ராஜாவை உயிரோடு அனுப்புவது என்று இன்றைக்கு ஒரு வழக்கம் ஏற்படுத்திவிடுங்கள். பின்னால் தங்களுக்கே உதவும்."

கடம்பத்தேவன் திருமேனி ராஜாவை நாடு கடத்தச் சொன்னான். தாண்டவராயனைக் கூப்பிட்டான். "இந்த மஞ்சளை இனி நீ கழற்றக் கூடாது. என் பக்கத்திலேயே நில். உன்னைப் பார்த்துக்கொண்டேதான் இனி நான் சோறு தின்ன வேண்டும்."

எல்லை வரைக்கும் அம்பலவாணரே கூட நடந்தார். வெளிச்சம் தாங்காமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார் பழைய ராஜா:

"அம்பலவாணரே, சிறைக்குள்ளே கேட்டது. என் பெயரைச் சொல்லி ஊரே வாழ்த்திற்றே! ஜனங்கள் என்னை மறக்கவில்லை, இல்லையா?"

அம்பலவாணர் நெற்றித் திருநீற்றைத் தொட்டுக்கொண்டார். "மறக்கவில்லை பிரபு."

பெருமான் அந்தப் பொய்யை மன்னிக்கட்டும். ராஜா முகம் மலர்ந்து எல்லையைத் தாண்டினார். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், வழியனுப்ப வேறு ஒருத்தரும் வரவில்லை என்பது தெரிந்திருக்கும்.