குளம்பில்லாத குரங்கு

ஒரு காட்டில் கல்லூரி ஒன்று இருந்தது. சிரிக்காதீர்கள் பிள்ளைகளே, அங்கே தேர்வுகூட உண்டு!

அதில் தாண்டவன் என்ற குரங்கு படித்தது. இரக்கத்துக்கென்றே பிறந்த குரங்கு அது. யாருக்காவது சின்ன முள் குத்தினாலும் அதன் கண் கலங்கிவிடும். அதே வகுப்பில் வஞ்சி என்ற மானும் படித்தது. வஞ்சிக்கு முன்னங்கால் ஒன்று பிறவியிலேயே சூம்பியிருந்தது. மற்ற மூன்று காலால் விந்தி விந்தி நடக்கும்.

போதாதா குரங்குக்கு? மானைக் கண்டாலே ஓடிவரும். கேட்காமலே அதன் பையைப் பிடுங்கித் தோளில் மாட்டிக்கொள்ளும். "வஞ்...சி! சாப்...பிட்...டாயா?" என்று காட்டுக்கே கேட்கும்படி கத்தும்.

"எனக்குக் காலில்தான் குறை. காது நன்றாகவே கேட்கிறது" என்று மான் பலமுறை சொல்லிப் பார்த்தது.

"பாவம், எவ்வளவு தைரியமாகப் பேசுகிறது!" என்று குரங்கு இன்னும் உருகியது.

கடைசித் தேர்வு வந்தது. ஜோடி ஜோடியாக மலைக்கு அப்பால் உள்ள சுனைக்குப் போக வேண்டும். அங்கே எதைத் தின்னலாம், எது நஞ்சு என்று பார்த்துவந்து, ஆளுக்குப் பாதியாகச் சொல்ல வேண்டும். தேறினால்தான் வஞ்சி, குட்டிகளுக்கு மேய்ச்சல் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை ஆக முடியும். அந்த ஆசையில் வருடம் முழுக்க விழுந்து விழுந்து படித்திருந்தது.

குரங்கும் மானும் ஒரே ஜோடி.

"நீ நிழலில் உட்கார். முதல்வரிடம் சொல்லி உனக்கு விலக்கு வாங்கித் தருகிறேன். உன் பாதியையும் நானே சொல்லிவிடுகிறேன்" என்றது குரங்கு பெருமையாக.

மானுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. தேர்வே எழுதாதவளை யார் ஆசிரியையாக வைத்துக்கொள்வார்கள்? ஆனால் அது சண்டை போடவில்லை. நேரே, வகுப்பின் முன்னால் நின்ற முதல்வர் கரடியிடம் போனது.

"ஐயா, தாண்டவனுக்குக் காலில் ஒரு குளம்புகூட இல்லை. கல்லிலும் முள்ளிலும் எப்படி நடக்கும், பாவம்! அதற்கு விலக்கு கொடுங்கள். அதன் பாதியையும் நானே சொல்கிறேன்" என்றது. பிறகு குரங்கின் பக்கம் திரும்பி, "தாண்...டவா! நிழ...லில் உட்...கார்!" என்று கத்தியது.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. கரடிக்கு விஷயம் புரிந்துவிட்டது. "அப்படியே ஆகட்டும்" என்றது, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

குரங்கு எகிறிக் குதித்தது. "எனக்கு என்ன குறை, ஐயா? விலக்கு வேண்டும் என்று நான் கேட்டேனா? வருடம் முழுக்கப் படித்திருக்கிறேன்!"

"நானும்தான் படித்தேன். நானும்தான் கேட்கவில்லை" என்றது மான்.

குரங்கை வெட்கம் பிடுங்கித் தின்றது. தலையைச் சொறிந்துகொண்டே, முதல் தடவையாக மெல்லிய குரலில் கேட்டது: "நாம் எப்படிப் போகலாம்?"

"மேட்டில் மட்டும் கொஞ்சம் மெதுவாக நட. கிளையில் இருப்பதை நீ பார். தரையில் இருப்பதை நான் பார்க்கிறேன்."

இரண்டும் கிளம்பின. எல்லாருக்கும் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தன. ஆனால் ஆளுக்குப் பாதியைத் தடுமாறாமல் சொல்லி, இரண்டுமே தேறிவிட்டன!

வீடு திரும்பும் வழியில் குரங்கு தயங்கித் தயங்கிக் கேட்டது. "வஞ்சி, உனக்கு ஏதாவது உதவி வேண்டுமா?"

"வேண்டும். அந்த நெல்லிக்காயைப் பறித்துப் போடு. என்னால் மரம் ஏற முடியாது."

"காலினாலா?"

"அட போ! நாலு காலும் நன்றாக இருந்தால் மட்டும் எந்த மான் மரம் ஏறுகிறது?"

நீதி: பாவம் பார்ப்பது உதவி ஆகாது, உதவ நினைத்தால் முதலில் கேள்.